சிஸ்டர் பார்த்துக் கொடுத்த சைக்கிள்

சிஸ்டர் எதையும் நல்ல நேரத்தில் போய்ப் பார்த்ததில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வேண்டுமென்றால் கொட்டும் மழையில்தான் கிளம்புவார். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான் என்பது அவர் கட்சி. ஒருமுறை சொந்தக்காரப் பெண்ணுக்காக லிங்கராஜபுரத்தில் ஒரு வீடு பார்க்க என்னையும் கூட்டிப்போனார். வீட்டுக்காரர் காற்று, வெளிச்சம், அக்கம்பக்கம் என்று என்னிடம் அளந்துகொண்டிருக்க, இவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறை மூலையில் குந்தி, சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கையைக் காட்டினார். ஈரம். "வீடு நல்லாருக்கு சார், ஆனா வேணாம்" என்று குடையை விரித்தார். நாங்கள் தெரு முனைக்கு வருவதற்குள் முழங்கால்வரை நனைந்திருந்தோம்.

அவர் கன்னியாஸ்திரியும் இல்லை, நர்ஸும் இல்லை. காக்ஸ் டவுனில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுப்பவர். நானும் அதே வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தேன். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டுவீட்டில் அம்மாவோடு இருந்தார். லேபிலிருந்து அவர் வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. பன்னிரண்டரைக்கு ஓடிப்போய் அம்மாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, ஒரு மணிக்கு முன்பே திரும்பி நிற்பார். அந்த அம்மாவுக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது.

அவர் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை லேபில் எல்லோரும் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று பையன் வெள்ளைச் சட்டையில் தேன் ஒழுகப் பேசினானாம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சிஸ்டர் மட்டும் சரி சொல்லவில்லை. மாதக் கடைசியில் ஒரு நாள், பையன் ஃபேக்டரி முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டார். பஸ் கிடைக்காமல் நடந்தே வந்திருக்கிறான், முகமெல்லாம் புழுதி. அவன் அம்மா, "இன்னும் சோறு ஆகலடா" என்கிறார். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, உள்ளே போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தானாம். சிஸ்டர் அன்றைக்கே சரி சொல்லிவிட்டார்.

"பசியோட இருக்கறப்ப ஒரு ஆள் எப்படி இருக்கான்னு பாத்துட்டா போதும்மா. மிச்சமெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார்.

எனக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. டீக்கடையில் புது பிளாஸ்க் திறந்து ஊற்ற வந்தால், "பழசுலயே குடுங்கண்ணா, பழசு எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்கிறவரை வேறு என்னவென்று சொல்வது. ஆனால் ஊசி விஷயத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். காலையில் வரிசையில் யாருக்கு நரம்பே கிடைக்காதோ, அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். கஷ்டமானதை எனக்குத் தள்ளிவிட்டு அவர் ஒருநாளும் டீ குடிக்கப் போனதில்லை.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு நீலசந்திராவில். லேபுக்கு ஏழு கிலோமீட்டர். காலை பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. வீட்டில் ஒரு பைக் உண்டு. அதை என் வீட்டுக்காரர் பெயின்ட் டப்பாக்களோடு விடியுமுன்னே ஒயிட்ஃபீல்டுக்கு ஓட்டிப்போய்விடுவார். நான் ஏழு மணி லேபுக்கு ஏழே கால், ஏழரை என்று போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் லேப் முதலாளியான டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஒண்ணாம் தேதியிலேர்ந்து நம்ம லேப் ஆறு மணிக்கு ஓப்பன். சுகர் பேஷன்ட்ஸ் எல்லாம் வெறும் வயித்துல வந்து நிக்கிறாங்க. உங்களால ஏழுக்கே வர முடியல. சந்தாபுரா பிராஞ்சு ஒன்பதரைக்குத்தான் தெறக்குது, அங்க ஒரு ஆள் வேணும். நீங்க அங்க போயிடுங்க."

சந்தாபுரா என்றால் ஊருக்கு அந்தக் கோடி. ஒன்பதரைக்குத் திறந்தால் ஆறரைக்கு மூடுவார்கள். அதற்கப்புறம் பஸ் பிடித்து வீடு வந்து சேர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். காக்ஸ் டவுன் வேலை என்றால் இரண்டு மணிக்கு முடித்துவிட்டு மூன்றேகாலுக்குள் நான் வீட்டில் இருப்பேன். சந்தாபுரா போனால், பூட்டிய வீட்டு வாசலில் அவள் ஐந்து மணி நேரம் யாரை நம்பி உட்கார்ந்திருப்பாள்? பார்த்துக்கொள்ள எங்களுக்கு அங்கே ஒருத்தரும் கிடையாது. வேலையை விடவும் வழியில்லை.

"சார், நான் ஆறு மணிக்கு வந்துடறேன்" என்றேன். எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது.

"மொதல் வாரம் வந்து காட்டுங்க. ஒரு நாள் லேட் ஆனாலும் சந்தாபுரா" என்றார்.

சைக்கிள் என்று தோன்றியது பஸ் ஸ்டாப்பில் நின்று நின்று வந்த ஆத்திரத்தில்தான். சின்ன வயதில் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறேன். அந்த நினைப்பில் போனிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மஞ்சள் நிறம், இருபத்தொரு கியர், லாரி டயர் போலத் தடித்த சக்கரம், பிரேக்குக்கு வட்டத் தகடு. மாதத் தவணையில் தருகிறேன் என்கிறான் விற்கிறவன். மறுநாள் சிஸ்டரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகத்தான் பார்த்தார்.

"இத எங்க நிறுத்துவ?"

"மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன் சிஸ்டர். கீழ விட்டா காலைல இருக்காது."

"எத்தன மாடி?"

"ரெண்டு."

அன்று சாயங்காலம் அதே மஞ்சள் சைக்கிள் வைத்திருந்த ஒரு பெரிய கடைக்குப் போனோம். சிஸ்டர் கைப்பையிலிருந்து காயத்துக்குச் சுற்றும் துணிச்சுருளை எடுத்தார். ஹேண்டில்பாரின் இந்த முனைக்கு ஒரு முடிச்சு, அந்த முனைக்கு ஒரு முடிச்சு. நீளத்துக்கு இன்னொரு துணி. விற்பனைக்கு நின்ற பெண் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். அங்கிருந்து நேராக நீலசந்திராவுக்கு வந்து எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறினார். ஒரு ஆள் இறங்கினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படி அது. திருப்பத்தில் நின்று துணியை இழுத்துப் பிடித்தார். முடிச்சு சுவரைத் தாண்டி நாலு விரல் வெளியே நின்றது.

"உள்ள போகாதும்மா. போனாலும் பதினேழு கிலோ. வேலை முடிச்சு வந்து, பசியோட இத தூக்கணும். இத்தன கியர்ல ஒண்ணு மக்கர் பண்ணாலும் விடிகாலைல ரோட்டுல எவன் ரிப்பேர் பண்ணுவான்? ஒரே பல்சக்கரம் போதும். செயினு கழண்டா நீயே மாட்டிக்கலாம்."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "மேடம் பால்கார சைக்கிள்ல போகப் போறாங்களா?" என்று கிண்டல் பண்ணினார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் என் கையில் எட்டாயிரத்துக்கு மேல் இல்லை என்பதும் உண்மைதான்.

அல்சூரில் ஒரு பாயின் சைக்கிள் கடை. அங்கே என் காசுக்குள் கியர் இல்லாத சைக்கிள் இரண்டு இருந்தன. ஒன்று நீலம். மெலிந்த டயர், முன்னால் பெரிய பல்சக்கரம், பார்த்தாலே ஓடும் போலிருந்தது. இன்னொன்று கறுப்பு. மட்கார்டு, செயின் மூடி, கேரியர் எல்லாம் வைத்த சாதாரண லேடீஸ் சைக்கிள். என் மனசு நீலத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றதற்கு சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம். சனிக்கிழம சாயங்காலம் வரலாம். அன்னிக்கு நீ மத்தியானம் சாப்பிடாத."

"ஏன் சிஸ்டர், உண்ணாவிரதமா?"

"விடிகாலைல ஒண்ணும் சாப்பிடாமத்தான வரப்போற? சாப்பிட்டுட்டு ஓட்டிப் பாத்தா என்ன தெரியும்?"

சனிக்கிழமை லேபில் நல்ல கூட்டம். நின்று நின்று கால் கடுத்தது. அவர் கண்ணில் படாமல் ஒரு பன் தின்றேன், அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தரைக்குக் கடைக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. சிஸ்டர் முகத்தில் என்ன ஒரு திருப்தி.

பாய் கையை விரித்தார். "க்யா சிஸ்டர், இந்த மழையில டிரையல் கேக்குறீங்க. சைக்கிள் கெட்டுப்பூடும்."

"மழையில கெட்டுப்போற சைக்கிள ஏன் பாய் விக்கிறீங்க?"

பாய் சிரித்துவிட்டார். சிஸ்டர் தன் கைப்பையையும் ஆதார் கார்டையும் அடமானம் போல மேஜையில் வைத்தார். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வாங்கி நீல சைக்கிளின் பின்னால் கட்டினார். சாப்பாடும் பையும் சேர்ந்தால் அவ்வளவு கனம் வருமாம். நான் எரிச்சலில், "நீங்களே ஒரு தடவ ஓட்டிப் பாத்து சொல்லுங்களேன்" என்றேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார் சாதாரணமாக.

இத்தனை நாளும் முடிச்சுப் போட்டு அளந்து, டயரை அமுக்கி, பல்லை எண்ணி என்னைப் பாடாய்ப் படுத்திய மனுஷி சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

"ஓட்டத் தெரிஞ்சா ஆச வந்துடும். எனக்கு ஆச இல்ல. அதனால எனக்குக் கண்ணு தெரியுது" என்று குடையை விரித்து முன்னால் நடந்தார்.

அல்சூர் ஏரியைத் தாண்டினால் காக்ஸ் டவுனுக்கு ஏறும் மேடு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது மேடு என்றே தெரியாது. ஏரியோரம் நீல சைக்கிள் பறந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது திரும்பிவிட்டது போல் ஒரு சந்தோஷம். மேட்டில் கால்வாசி ஏறியதும் பெடல் கல்லாகிவிட்டது. எழுந்து நின்று மிதித்தேன். பின்னால் ஒரு பஸ் ஹார்னை அழுத்திக்கொண்டே நிற்க, ஆட்டோக்காரர் ஒருவர் கன்னடத்தில் என் குடும்பத்தையே விசாரித்துக்கொண்டு போனார். பாதியில் காலை ஊன்றி இறங்கிவிட்டேன். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிஸ்டர் குடையோடு வந்து சேர்ந்தார்.

"ஏறாதும்மா இது. சமதரையில ஓடுறதுக்குன்னே செஞ்சது" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"உங்களுக்கு என்ன சிஸ்டர், அஞ்சு நிமிஷம் நடந்தா லேபு. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ரெண்டே நாள்தான் இருக்குது. நீங்க துணிய வச்சு அளந்துகினே இருங்க. எம்பொண்ணு பூட்டுன வாசல்ல உக்காந்தா உங்களுக்கு இன்னா போச்சு?"

நடுரோட்டில், அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது. அப்புறம் குடையை என் பக்கம் சாய்த்து, "சரி வா. அந்தக் கறுப்ப எடுத்துட்டு வந்து ஏறிப் பாப்போம்" என்றார். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

கறுப்பு சைக்கிள் ஏரியோரம் மாட்டு வண்டி போலத்தான் போனது. ஆனால் மேட்டிலும் அதே மாட்டு வண்டியாகத்தான் போனது. முன்னால் சின்னப் பல்சக்கரம், அதனால் காலுக்குக் கனம் தெரியவில்லை. சிஸ்டர் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்திலேயே ஓடிவந்தார். புடவை முழங்கால்வரை சேறு. "மிதி, மிதி, எறங்காத" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே போய்த்தான் காலை ஊன்றினேன். திரும்பி இறங்கும்போது ஈர ரிம்மில் பிரேக் பிடிக்கிறதா என்று மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார். மூன்றிலும் பிடித்தது. பாய் ஒரு மணியைச் சும்மா மாட்டிக் கொடுத்தார். அன்று மாடிப்படித் திருப்பத்தில் ஹேண்டில் சுவரை உரசாமல் திரும்பியபோது என் வீட்டுக்காரரும் கிண்டலை விட்டுவிட்டார்.

ஒண்ணாம் தேதி ஐந்து ஐம்பதுக்கு லேப் வாசலில் நின்றேன். நாலாம் நாள் ஏரிக்குப் பக்கத்தில் செயின் கழன்றது. நானே மூடியைத் திறந்து இரண்டு நிமிடத்தில் மாட்டினேன். கிரீஸ் கையோடு விரல் ரேகை வைக்கப் போக மெஷின் ஏற்கவில்லை. சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் என் கட்டைவிரலைத் துடைத்து அழுத்தினார். ஐந்து ஐம்பத்தெட்டு. சனிக்கிழமையோடு ஒரு வாரம் முடிந்தது. டாக்டர் கூப்பிட்டார்.

"நீங்க இங்கயே இருங்கம்மா. சந்தாபுராக்கு ஆள் ஆயிடுச்சு."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. வாசல்வரை வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. "யாரு சார் போறாங்க?"

"நம்ம சிஸ்டர்தான். ரத்தம் எடுக்க நீங்க ரெண்டு பேர்தானே இருக்கீங்க. அவங்களே போறேன்னுட்டாங்க."

இரண்டு பேரில் ஒருத்தி போகவில்லையென்றால் மற்றவள் போக வேண்டும். ஒரு குழந்தை போடும் கணக்கு. அந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

சிஸ்டர் ரத்தம் எடுக்கும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"என்ன, சொல்லிட்டாரா?" என்றார். "நான் எப்பவோ போய்ப் பாத்துட்டு வந்துட்டேம்மா. நீ அந்த மஞ்ச சைக்கிள் படத்த காட்டினியே, அதுக்கு முந்தின நாளு. சரியா ஆபீஸ் விடற நேரத்துல. பஸ்ல உக்கார எடமில்ல, ரெண்டே கால் மணி நேரம் நின்னேன். காலு வீங்கிப்போச்சு. அந்த பிராஞ்சுல லேடீஸ் டாய்லெட்டு பூட்டிக் கெடந்துச்சு. எல்லாம் பாத்துட்டேன். செய்யலாம்."

"அம்மாவுக்கு?"

"ஒரு நாள் மத்தியானம் போகாம இருந்து பாத்தேன். பக்கத்து வீட்டு அக்கா சோறு போட்டாங்க. அம்மா கோவத்துல என்கூட பேசல. மறுநாள் பேசிட்டாங்க."

"ஏன் சிஸ்டர் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"சொல்லியிருந்தா எனக்காக நீ மேட்டுல எறங்கி நின்னிருப்ப" என்றார். "உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை அவர் சந்தாபுரா போய்விட்டார். இரண்டு வருடம் அங்கேயே இருந்தார். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் தங்கை வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். கறுப்பு சைக்கிளில்தான் இன்னும் வேலைக்குப் போகிறேன்.

அன்றைக்கு மழையில் நான் கத்தியதைத்தான் என்னுடைய மோசமான நேரம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவ்வளவையும் பார்த்தவருக்கு என் விஷயத்தில் மட்டும் கணக்குத் தப்பிவிட்டது. சொல்லியிருந்தாலும் நான் மிதித்திருப்பேன்.